அவரவர் ஆடை அவரவர் கையால்





இத்திங்கள் பாடத்திற்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுத் துணி துவைத்தலும், அவ்வேலையில் பிள்ளைகளைப் பழக்குதலும் ஆகும். நால்வகை வாய்மையும் எண்வகை மார்க்கமும் பேச வேண்டிய ஏட்டில் வாளிக்கும் சோப்புக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். யாமும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை என்பதை எமக்கு முதலில் உணர்த்தியது நூல் அன்று. எம் மகள் கேட்ட ஒரு கேள்வி.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை

யாம் இளமையில் பெங்களூரில் ஒரு துணி ஆலையின் வெளுப்புப் பிரிவில் உழைத்தோம். ஆலை மூடப்பட்ட பின் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே, தாமாகக் கற்றுக்கொண்ட சிறிதளவு தம்ம அறிவை ஊர் ஊராகச் சென்று சொல்லத் தொடங்கினோம். எம் துணைவியார் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர். ஆறு நாள் உலகத்தாருக்கு ஆடை தைத்துவிட்டு, ஏழாம் நாள் வீட்டாரின் ஆடையைத் துவைப்பார். அவருக்கு முதுகுவலி கண்டபோது அந்த ஏழாம் நாள் வேலை, யாரும் சொல்லாமலே, எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எம் மகளின் கைக்குப் போயிற்று. அவளுக்கு இரண்டு வயது மூத்த மகன் அந்நேரத்தில் தெருமுனையில் பந்து விளையாடுவான். யாமோ வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, சமத்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் புறப்பட்டு விடுவோம்.

அவ்வாறு புறப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று, “என்னம்மா, மூன்று வாரமாய் நீ தம்ம வகுப்புக்கு வரவில்லையே?” என்று கடிந்து கேட்டோம். அவள் துவைகல்லின் அருகில் நின்றபடியே, “நான் வகுப்புக்கு வந்துவிட்டால் உங்கள் வெள்ளைச் சட்டையை யார் துவைப்பது அப்பா? நாளைக்கு அறிவியல் தேர்வுக்கே இன்னும் படிக்கவில்லை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளபடி சொன்னாள்.

அன்று யாம் பேசிய பிரசங்கம் எமக்கே சுவைக்கவில்லை. உடம்பின் மேல் கிடந்த சட்டையின் வெண்மை எம் மகளின் படிப்பை உண்டு வந்த வெண்மை என்பது அன்றுதான் தெரிந்தது. வீடு திரும்பியபின் வினயபிடகத்தின் மொழிபெயர்ப்பை எடுத்து, ஆடையைப் பற்றிப் பகவன் என்ன கூறினார் என்று தேடினோம். அத்தேடலில் கிடைத்தவற்றையே இங்கே பாடமாக வைக்கின்றோம்.

2. கோதமியம்மையின் முறையீடு

பிக்குகளுக்குரிய விதிகளில் பழைய சீவரத்தைப் பற்றிய விதி ஒன்று உண்டு. ஒரு பிக்கு, தமக்கு உறவல்லாத பிக்குணியைக் கொண்டு தம் பழைய சீவரத்தைத் துவைப்பித்தாலும், சாயம் இடுவித்தாலும், அடித்து வெளுப்பித்தாலும் அது குற்றம். அச்சீவரத்தை ஒப்படைத்துத் தம் குற்றத்தை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்விதியை ஒட்டி ஆட்டு மயிரைப் பற்றி மற்றொரு விதியும் உண்டு. அது பிறந்த வரலாறே நமக்கு முக்கியமானது.

பகவன் கபிலவஸ்துவில் நிக்ரோதாராமத்தில் தங்கியிருந்த காலம். அறுவர் கூட்டம் எனப்பட்ட சில பிக்குகள் தம்மிடமிருந்த ஆட்டு மயிரைப் பிக்குணிகளிடம் கொடுத்துக் கழுவவும், சாயம் இடவும், சிக்கெடுக்கவும் செய்து வந்தனர். பகவனை வளர்த்த அன்னையாகிய மகாபிரஜாபதி கோதமி ஒருநாள் அவரை வணங்க வந்தார். பிக்குணிகள் ஊக்கத்தோடு இருக்கின்றார்களா என்று பகவன் வினவினார். அம்மையார், அவர்களுக்கு ஊக்கம் ஏது என்று நொந்து, மயிர் கழுவும் வேலையில் அவர்கள் பாடத்தையும், கேள்வி கேட்டுத் தெளிவதையும், சீலப் பயிற்சியையும், மனப் பயிற்சியையும், ஞானப் பயிற்சியையும் கைவிட்டுவிட்டார்கள் என்னும் கருத்துப்பட முறையிட்டார். பகவன் அம்முறையீட்டை ஏற்றார். அப்பிக்குகளைக் கண்டித்தார். விதியும் பிறந்தது.

இவ்வரலாற்றைப் படித்த இரவில் யாம் நெடுநேரம் உறங்கவில்லை. இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன் கோதமியம்மையார் சொன்னதும், அன்று காலை எம் வீட்டுத் துவைகல்லின் அருகில் எம் மகள் சொன்னதும் ஒன்றே அன்றோ?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். விதி உறவல்லாத பிக்குணியைப் பற்றியது. தாயும் மகளும் உறவினர். ஆதலால் அவர்கள் துவைப்பதில் குற்றமில்லையே என்பர். எழுத்தளவில் அது சரியே. இல்லறத்தாருக்கு இவ்விதி பொருந்தவும் பொருந்தாது. ஆயினும் விதி பிறந்த காரணத்தை நோக்குங்கள். ஒருவருடைய அழுக்கைப் போக்கும் வேலை மற்றொருவருடைய கல்வியை அழிக்கலாகாது என்பதே அக்காரணம். அக்காரணம் மடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று மாறுமோ?

3. அழுக்கு இறங்கிய படிக்கட்டு

நம்மைப் போன்று சாதியை விட்டுத் தம்மத்தைத் தழுவியவர்களுக்கு இக்காரணம் மற்றவர்களைக் காட்டிலும் நன்கு விளங்க வேண்டும். சாதி என்பது என்ன? தன் அழுக்கைத் தான் தொடாமல், தனக்குக் கீழே ஒருவனை நிறுத்தி, அவன் தலையில் வைப்பதே அதன் நடைமுறை. அழுக்கைச் செய்தவன் தூயவன் என்றும், அதைப் போக்கியவன் தீட்டுடையவன் என்றும் பெயர் பெற்றனர்.

இப்படிக்கட்டில் நாமும் ஒரு படியில் நின்றோம் என்பதை மறைத்தல் வாய்மை ஆகாது. 1932 டிசம்பரில், திருநெல்வேலி மாவட்டத்துப் புரத வண்ணார் என்போரைப் பற்றி ‘இந்து’ நாளிதழில் ஒரு செய்தி வெளியாயிற்று. அண்ணல் அம்பேத்கர் அதனைத் தம் எழுத்தில் எடுத்துக் காட்டியுள்ளார். தீண்டாதார் எனப்பட்டவர்களின் துணியை வெளுப்பதே அம்மக்களுக்கு விதிக்கப்பட்ட தொழில். அவர்கள் கண்ணில் படுவதே தீட்டு என்று கருதப்பட்டதால் பகலில் வெளிவரக் கூடாது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே உழைக்க வேண்டும். இன்று புதிரை வண்ணார் என்னும் பெயரால் அறியப்படுவோர் அம்மக்களே. மேலே உள்ளவன் நம்மைத் தள்ளி நிறுத்தினான். நாமோ நமக்குத் துணி வெளுத்தவனை இருளில் நிறுத்தினோம்.

அந்தப் படிக்கட்டை விட்டு இறங்கிவிட்டோம் என்று திரிசரணம் சொல்லும்போது நினைக்கின்றோம். ஆனால் வீட்டுக்குள் பார்த்தால், எல்லோருடைய அழுக்கும் ஒருத்தியின் கையில் வந்து முடிகின்றது. அவள் தாயாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம். பெயர்தான் வேறு. 2019ஆம் ஆண்டில் இந்திய அரசின் புள்ளியியல் துறை நாடெங்கும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாள் ஒன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகின்றாள் என்றும், ஈடுபடும் ஆண் 97 நிமிடம் செலவிடுகின்றான் என்றும் கூறுகின்றது. அதிலும், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அவ்வேலையில் ஈடுபட, ஆண்களில் 26 பேரே ஈடுபட்டனர். ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! அந்நேரத்தில் ஒரு பெண் எத்தனை பக்கம் படித்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்.

1942ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாகபுரியில் கூடிய பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் தூய்மையையும் பிள்ளைகளின் கல்வியையும் சேர்த்தே வற்புறுத்தினார். நாமோ தூய்மையைப் பெண்ணுக்கும் கல்வியை ஆணுக்கும் என்று பங்கிட்டுக்கொண்டோம். தூய்மையும் கல்வியும் இருவருக்கும் உரியவை என்பதே அவர் கருத்து.

4. ‘இவ்வாறு துவை’ என்று கற்பித்தல்

சிலர், “பிள்ளைகளுக்குச் சொன்னால் செய்வதில்லை, செய்தாலும் பாழாக்குகின்றார்கள், நாமே செய்துவிடுவது எளிது” என்பர். இதற்கும் வினயத்தில் விடை உண்டு.

மகாவக்கத்தில் குருவும் சீடரும் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமைகள் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. குருவின் சீவரம் துவைக்கப்பட வேண்டுமானால் சீடர் துவைக்க வேண்டும். இதை எல்லோரும் எதிர்பார்ப்போம். ஆனால் மறுபுறமும் உண்டு. சீடரின் சீவரம் துவைக்கப்பட வேண்டுமானால், ‘இவ்வாறு துவைப்பாயாக’ என்று குரு சொல்லிக் கொடுக்க வேண்டும். அஃதாவது, கற்பிக்காமல் ஏவுதல் குருவுக்கு அழகன்று. சீடர் நோயுற்றாலோ, குருவே அவருக்குப் பணிவிடை செய்ய வேண்டும்.

அங்கே கூறப்படும் நுணுக்கங்களைக் கேளுங்கள். வியர்வையால் ஈரமான சீவரத்தைச் சிறிது நேரம் வெயிலில் உலர்த்த வேண்டும். ஆனால் வெயிலிலேயே விட்டுவிடக் கூடாது. மடிக்கும்போது ஓரங்களை நான்கு விரல் அகலம் விலக்கி மடிக்க வேண்டும். ஒரே இடத்தில் மடிப்பு விழுந்தால் நடுவே துணி நைந்து போகும். கொடியில் போடுமுன் ஒரு கையில் சீவரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கொடிக்கயிற்றைத் துடைக்க வேண்டும். சாயம் இடும்போது நன்றாகத் திருப்பித் திருப்பி இட வேண்டும். சொட்டுவது நிற்கும் முன் அவ்விடத்தை விட்டுப் போகக் கூடாது.

நிப்பானத்துக்கு வழி காட்டும் நூலில் கொடிக்கயிற்றைத் துடைக்கும் முறையும் இருக்கின்றது! எம் வீட்டில் எத்தனை முறை வெளுத்த சட்டையில் துருவும் புழுதியும் கோடாய் விழுந்திருக்கின்றன! கயிற்றைத் துடைக்க வேண்டும் என்று யாம் யாருக்கும் சொன்னதில்லை. எமக்கே தோன்றியதும் இல்லை.

5. துவைக்கும் முறை

ஆகவே, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய முறையை வரிசையாகக் கூறுவோம். இதில் ஆலை வேலை எமக்குக் கற்பித்ததும் சேர்ந்துள்ளது.

பகவன் விசாகை அம்மையாருக்கு உபோசதத்தை விளக்கியபோது, அழுக்குத் துணி எவற்றால் தூய்மையாகும் என்று ஓர் உவமை கூறினார். உவர்மண், காரம், சாணம், நீர் ஆகிய நான்கோடு, அதற்கேற்ற மனித முயற்சியையும் ஐந்தாவதாகச் சேர்த்தார். இன்று உவர்மண்ணுக்கும் சாணத்துக்கும் பதிலாகச் சோப்புக் கட்டியும் தூளும் வந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் மாறவில்லை.

முதலாவது, பிரித்தல். வெள்ளை ஒருபுறம், சாயம் போகாதது ஒருபுறம், புதிய வண்ணத் துணி தனியே, நோயாளியின் துணி தனியே. எல்லாப் பைகளையும் துழாவிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஊறவைத்தல். அரை மணி நேரம் போதும். இரவு முழுதும் ஊறினால் துணி நாறும், சாயமும் இறங்கும். ஆலையில் நெசவுத் துணி வந்ததும் முதலில் அதிலுள்ள கஞ்சிப் பசையை நீக்குவோம். பின்பே கொதிக்க வைத்து வெளுப்போம். பசை ஓரிடத்தில் நின்றுவிட்டால் பிறகு எவ்வளவு உயர்ந்த சாயம் இட்டாலும் அங்கே திட்டாகவே தெரியும். அழுக்குத் துணியில் சாயம் பிடிக்காது என்று மஜ்ஜிம நிகாயத்தில் பகவன் கூறிய உவமையின் உண்மையை யாம் அத்தொட்டியின் ஓரத்தில் நின்றே அறிந்தோம்.

மூன்றாவது, கழுத்துப்பட்டை, கைமுனை, கால்முனை ஆகிய இடங்களில் மட்டும் முன்னதாகச் சோப்பு தேய்த்தல். அழுக்கு இருக்கும் இடம் அறிந்து தேய்த்தால் துணி முழுதும் அடித்து நைக்க வேண்டியதில்லை. இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரிலேயே கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் கறை உறைந்து நிலைத்துவிடும்.

நான்காவது, அலசுதல். இங்கே பெங்களூர்வாசிகள் நீரை நினைக்க வேண்டும். இந்நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. காவிரி நீர் 1974 முதல் நமக்கு வருகின்றது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு கடந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு வருகின்றது. 2024ஆம் ஆண்டின் கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, குடம் நீருக்கு மக்கள் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆதலால் கடைசியாக அலசிய நீரைக் கொட்டாமல் தரை கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஆழ்குழாய் நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதில் சோப்புக் கட்டி நுரைக்காமல் வெண்பிசுக்காகத் துணியில் ஒட்டும். நுரை வரவில்லை என்று மேலும் மேலும் சோப்பு தேய்ப்பது வீண். கடைசி அலசலுக்கேனும் காவிரி நீரை ஒதுக்கினால் பிசுக்கு நீங்கும். நுரை மிகுந்தால் வெளுப்பு மிகும் என்பதும் தவறு. 2015 மே மாதத்தில் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றியதை நாடே கண்டது. நகரத்தின் கழிவுநீரும், அதனோடு நம் வீடுகளிலிருந்து சென்ற சோப்புத் தூளும் அந்நுரையில் இருந்தன. நாம் கொட்டிய அழுக்கு நம் கண்ணை விட்டு மறைந்ததே தவிர, உலகை விட்டு மறையவில்லை.

ஐந்தாவது, உலர்த்தல். கயிற்றைத் துடைத்து, துணியை உதறி, வெள்ளையை வெயிலிலும் வண்ணத்தை உட்புறம் வெளியே திருப்பி நிழலிலும் போட வேண்டும். பெண் மக்களின் மாதவிலக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் ஒளித்து உலர்த்தும் வழக்கம் இன்னும் இருக்கின்றது. ஈரம் நீங்காத துணி நோய்க்கு இடம் தரும். அதுவும் மற்றத் துணிபோல் வெயிலில் உலர வேண்டும். அதைக் கண்டு நகைப்பது மடமை என்று ஆண் பிள்ளைக்குத் தந்தையே சொல்ல வேண்டும்.

ஆறாவது, மடித்து உரிய இடத்தில் வைத்தல். கொடியிலிருந்து எடுத்து நாற்காலியில் குவிப்பதோடு வேலை முடிந்துவிடவில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளுப்புத் தூளையும் காரங்களையும் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாது. வெளுப்புத் தூளோடு கழிவறை கழுவும் அமிலத்தைக் கலத்தல் பேராபத்து. அதிலிருந்து நச்சுக்காற்று எழும். காஸ்டிக் சோடா பட்ட தழும்பு எம் புறங்கையில் முப்பது ஆண்டுகளாக மாறாமல் இருக்கின்றது.

துவைக்கும் இயந்திரம் வாங்கிவிட்டோம், இப்பாடம் எமக்கு எதற்கு என்று சிலர் கேட்பர். இயந்திரம் ஊறவைக்கும், அலசும், பிழியும். பிரிப்பதும், பையைத் துழாவுவதும், உலர்த்துவதும், மடிப்பதும் இன்னும் மனிதர் வேலையே. அந்த நான்கும் யார் கையில் இருக்கின்றன என்று உங்கள் வீட்டில் பாருங்கள்.

6. வலிமைக்குத் தக்க பங்கு

சிகாலோவாத சூத்திரத்தில், பணியாளருக்கு அவரவர் வலிமைக்குத் தக்க வேலையைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று பகவன் கூறினார். பணியாளருக்கே அவ்வளவு இரக்கம் வேண்டுமானால் பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டும்! அதே சூத்திரம், பிள்ளைகளுக்கு ஒரு தொழிலைக் கற்பித்தல் பெற்றோர் கடமை என்றும், பெற்றோரின் வேலைகளைச் செய்தல் பிள்ளைகள் கடமை என்றும் கூறுகின்றது. எம் அனுபவத்தில் கீழ்க்கண்ட பங்கீடு பொருத்தமாய் இருந்தது.

ஐந்து வயதில், கழற்றிய துணியைக் கூடையில் போடுதல், காலுறைகளை இணை சேர்த்தல். எட்டு வயதில், குளிக்கும்போதே தன் உள்ளாடையையும் கைக்குட்டையையும் தானே துவைத்தல், உலர்ந்ததை எடுத்து மடித்தல். பதினொரு வயதில், தன் பள்ளிச் சீருடையைத் தானே துவைத்தல். பதினான்கு வயதில், முறை வைத்து வீட்டுத் துணி முழுவதையும் துவைத்தல், சோப்பு வாங்கிய கணக்கு எழுதுதல். பதினாறு வயதில், அறுந்த பொத்தான் தைத்தல், இஸ்திரி போடுதல். இதில் ஆண் பெண் என்ற பாகுபாடு ஓரிடத்திலும் இல்லை.

கற்பிக்கும் முறைக்கு இராகுலரைப் பாருங்கள். பகவன் அம்பலட்டிகைக்குச் சென்றபோது இளம் இராகுலர் ஆசனம் இட்டு, கால் கழுவ நீரும் எடுத்து வைத்தார். பகவன் அந்நீரிலேயே கால் கழுவி, பாத்திரத்தில் எஞ்சிய சிறு நீரைக் காட்டியே பாடத்தைத் தொடங்கினார். ஒரு செயலைச் செய்யுமுன் எண்ணிப் பார், செய்யும்போது எண்ணிப் பார், செய்து முடித்தும் எண்ணிப் பார் என்பதே அப்பாடத்தின் சாரம். துணிக்கும் அது பொருந்தும். முன்னே, ‘எதை எதோடு சேர்க்கின்றேன்?’ நடுவே, ‘அழுக்கு எங்கே இருக்கின்றது?’ முடிவில், ‘வாளி கவிழ்த்தேனா, கல்லைக் கழுவினேனா?’

எம் மகனுக்கு யாம் இதைக் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஞாயிறு, அவன் பிரிக்காமலே எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறவைத்துவிட்டான். புதிய சிவப்புத் துண்டு ஒன்று எம் வெள்ளைச் சட்டைகள் மூன்றையும் செம்பருத்தி நிறமாக்கிவிட்டது. யாம் வாய் திறக்குமுன் துணைவியார், “முதலில் நீங்கள் அவனுக்குப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தீர்களா?” என்று கேட்டார். கொடுக்கவில்லை. அந்தச் சட்டையையே அணிந்து அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் பேசினோம். காரணம் கேட்டவர்களுக்கு உள்ளபடி கூறினோம். நகைத்தவர்களில் இருவர், அவ்வாரமே தம் வீட்டில் வாளியைத் தொட்டதாகப் பின்னர் வந்து சொன்னார்கள்.

இன்னும் மூன்று சொற்கள். துவைப்பதைத் தண்டனையாக விதிக்காதீர்கள். தண்டனையாகச் செய்த வேலையைப் பிள்ளை வாழ்நாள் முழுதும் வெறுக்கும். பிள்ளை துவைத்ததை அதன் கண்ணெதிரே மீண்டும் துவைக்காதீர்கள். தந்தை துவைப்பதைப் பிள்ளை காணாவிட்டால் எவ்வளவு சொன்னாலும் பயனில்லை. ஆகையால் இப்பாடத்தை முதலில் தொடங்க வேண்டியவர் தந்தையே.

7. பிறர் ஆடையைத் துவைக்கும் காலம்

அவரவர் ஆடை அவரவர் கையால் என்றோம். இதை, பிறர் ஆடையைத் தொடவே மாட்டேன் என்று பிள்ளைகள் கொண்டுவிடலாகாது. வயிற்றுப்போக்கால் நோயுற்று, தன் மலசலத்திலேயே யாரும் கவனிப்பாரின்றிக் கிடந்த ஒரு பிக்குவைப் பகவன் கண்டார். ஆனந்தரை நீர் கொண்டுவரச் செய்து, தாமே நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்பு பிக்குகளைக் கூட்டி, உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார் என்னும் பொருள்பட அறிவுரை கூறினார். உலகம் வணங்கிய கைகளுக்கு அவ்வழுக்கு தீட்டாகவில்லை.

ஆகவே குழந்தை, நோயாளி, முதியோர், பிரசவித்தவள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை ஆகியோரின் துணியை வலிமை உள்ளவர் மனமுவந்து துவைக்க வேண்டும். இயலாதவனுக்காகத் துவைப்பது கருணை. இயன்றவன் தன் துணியைப் பிறர் மேல் போடுவது ஆணவம். இவ்விரண்டையும் பிரித்தறியும் பிள்ளையே தம்மம் கற்ற பிள்ளை.

இதை எழுதும் இந்நாளில் எம் மகள் ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகின்றாள். மகனுக்குத் திருமணமாகி ஒரு குழந்தை உண்டு. சென்ற மாதம் அவன் வீட்டுக்குச் சென்றிருந்தோம். மருமகள் உள்ளே ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவன் மொட்டைமாடியில் குழந்தையின் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தான். யாம் படியேறி வந்ததை அவன் காணவில்லை. ஒரு கையில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொடிக்கயிற்றைத் துடைத்தான்.

யாம் ஒன்றும் பேசவில்லை. வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து உதறிக் கொடுத்தோம்.

சகல உயிர்களும் நலமுற்று வாழ்க!

குடும்பமாக அமர்ந்து ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் வீட்டில் சென்ற வாரம் யார் யார் துணியை யார் துவைத்தார்? ஒரு தாளில் எழுதிப் பார்க்க.

2. மகாபிரஜாபதி கோதமி பகவனிடம் முறையிட்டது என்ன? நம் வீட்டில் அவ்வாறு முறையிட வேண்டியவர் யார்?

3. குரு சீடருக்கு ‘இவ்வாறு துவைப்பாயாக’ என்று கற்பிக்க வேண்டும் என்பதனால் பெற்றோர் அறிய வேண்டியது யாது?

4. கருணையால் துவைப்பதற்கும் கட்டாயத்தால் துவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றால் விளக்குக.

5. வரும் ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகனும் எடுத்துக்கொள்ளும் பங்கு எது?